கணக்குச் சொல்லித் தந்த அண்ணன்

எனக்கு அண்ணன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பெற்றது இரண்டே இரண்டு: மூத்தவள் நான், எனக்குக் கீழே ஒரு தம்பி. மொன்றியலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதற்கு மாறாக நான் சொன்ன ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டுக்குள் புகுந்த பயம் வருடக்கணக்கில் வெளியே போகவில்லை.

எண்பதுகளின் நடுவில் அப்பாவும் நானும் மட்டும் கனடாவுக்கு வந்தோம். ஒரு பயணத்தில் இரண்டு பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டதால் அம்மாவும் தம்பியும் திருகோணமலையில் நின்றுவிட்டார்கள். மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியதும் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதே ஏஜென்ட் அப்பாவுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தான். மகளுக்கு வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் தகப்பனோடு ஒரே கோப்பில் போடுவார்கள், விசாரணை முடிவதற்குள் பதினெட்டு ஆகிவிட்டால் தனியாக விசாரிப்பார்கள், தனியாகத் திருப்பி அனுப்பவும் தயங்கமாட்டார்கள் என்றான். அப்போது எனக்குப் பதினாறு. அப்பா பதினான்கு என்றார். அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். ஒல்லிக்குச்சி உடம்பு, இரட்டைப் பின்னல், இரண்டு நாள் தூக்கமில்லாத முகம். எழுதிக்கொண்டார்.

அப்பா ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இருபது வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர் என்று அம்மா கேலி செய்வாள். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவும் வேலை கிடைத்தபின்னும் அவருடைய புத்தி கச்சேரியில்தான் இருந்தது. "ஒரு கோப்பு எப்பவும் இன்னொரு கோப்பைத் தேடிக்கொண்டுதான் வரும், பிள்ளை" என்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு கோப்பு, ஆஸ்பத்திரியில் ஒரு கோப்பு, குடிவரவு அலுவலகத்தில் ஒரு கோப்பு. மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேரும் நாளை நினைத்து அவர் பயந்துகொண்டே இருந்தார். எங்கள் அகதி விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அதில் தோற்றால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் போக வேண்டும், அம்மாவும் தம்பியும் ஒருநாளும் வர முடியாது.

என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார்கள். முதல் வருடம் முழுக்க, புதிதாய் வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பு. அது முடிந்து வழக்கமான வகுப்புக்குப் போனபோது கடதாசியில் எனக்குப் பதினைந்து, உடம்பில் பதினேழு. வரலாற்றிலும் இலக்கியத்திலும் நான் ஊமை. கணக்குக்குத்தான் பிரெஞ்சு தேவைப்படவில்லை. ஊரில் நான் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில் கணிதப் பிரிவெடுத்து ஒரு வருடம் படித்தவள். வகையீடும் தொகையீடும் எனக்கு இட்டலி சாப்பிடுகிற மாதிரி. இங்கே என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

கியூபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் சேஜெப் என்று ஒரு கல்லூரிப் படிப்பு உண்டு. அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒரு புது ஏற்பாடு தொடங்கியிருந்தார்கள். கணக்கு ஓடுகிற சில பிள்ளைகளைப் பொறுக்கி, சேஜெப்பின் முதல் வருடக் கணிதத்தைப் பள்ளியிலேயே படிப்பிப்பது. கடைசியில் கல்லூரியே வந்து பரீட்சை வைக்கும். பாஸ் பண்ணினால் விஞ்ஞானப் பிரிவுக்குக் கதவு பாதி திறந்த மாதிரி. என்னையும் அதில் சேர்த்தார்கள். எனக்கு வேறு எந்தக் கதவும் தெரியவில்லை. பிரெஞ்சில் கட்டுரை எழுதி நான் ஒருநாளும் முன்னுக்கு வரப்போவதில்லை என்பது எனக்கே தெரியும்.

அந்த வகுப்பின் ஆசிரியை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர், குள்ளமானவர், மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல் சோதனையில் ஒரு வேலியைக் கொண்டு ஆகப் பெரிய நிலத்தை எப்படி அடைப்பது என்றொரு கேள்வி. ஒவ்வொரு நீளமாகப் போட்டுப் பார்த்து அட்டவணை எழுதச் சொன்னார். நான் அட்டவணை எழுதவில்லை. வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, நாலு வரியில் விடையைப் போட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகம்பாவம்தான், வேறொன்றுமில்லை. ஒரு வருடமாக வாயில்லாமல் இருந்தவளுக்கு அந்த நாலு வரியில் வாய் வந்திருந்தது.

மணி அடித்ததும் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். அதட்டலாக இல்லை, ஆவலாகத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்று சொன்னால் எந்த வகுப்பில் என்று கேட்பார். பதினாலு வயதில் இலங்கையில் இதைப் படிப்பிக்கிறார்களா என்று கேட்பார். அப்போது தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்: அண்ணன் சொல்லித் தந்தார். அவர் மகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டி அனுப்பினார்.

பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் சிரித்துச் சிரித்து இதைச் சொன்னேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கதவடியிலேயே நின்றார்.

"எந்த அண்ணை?"

"சும்மா சொன்னனான் அப்பா."

"ஃபோமிலை ரெண்டு பிள்ளையள் எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறன். இப்ப மூண்டாவது எங்கையிருந்து வந்தது?"

"அவ ஆருக்குச் சொல்லப்போறா?"

"படிப்பிக்கிறவை எழுதி வைப்பினம். எழுதினால் அது எங்கையும் போகும்." சுவரில் கைவைத்தபடிதான் மிச்சத்தைச் சொன்னார். "உனக்கு மூத்த பொடியன் எண்டால் இருவது வயசு. அம்மாவோடையும் இல்லை, எங்களோடையும் இல்லை. அப்ப எங்கை எண்டு கேப்பாங்கள். துவக்குத் தூக்கி இயக்கத்திலையோ எண்டு கேப்பாங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. இரண்டு வயதை மறைக்கப் போய் நான் ஒரு ஆளையே உண்டாக்கி வைத்திருந்தேன். அதுவும் எந்த அதிகாரியும் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு இளம் பொடியனை.

"அந்த வகுப்பிலை நீ கெட்டிக்காரியா இருக்க வேண்டாம்" என்றார் அப்பா. "மெல்ல மெல்ல இறங்கு. கடைசியிலை அவையளே உன்னைக் கழிச்சு விடட்டும்."

பிழையாக எழுதுவது சரியாக எழுதுவதைவிடக் கஷ்டம் என்று அந்தக் குளிர்காலத்தில் கண்டுகொண்டேன். எல்லாம் தெரிந்து செய்துவிட்டு நடுவில் ஒரு கழித்தலைக் கூட்டலாக மாற்ற வேண்டும். மாற்றும்போது கை கூசும். ஒவ்வொரு சோதனைத் தாளையும் வாங்கும்போது அப்பா மீது கோபம் கோபமாக வரும். வீட்டுக்குப் போய், கழுவிக் கழுவி வெடித்துப்போன அவருடைய விரல்களைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. பள்ளி வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் தோல்பையோடு நின்றால் நான் பின்கதவால் போவேன். ஒலிபெருக்கியில் யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் அது என் பெயர் என்றே காதில் விழும்.

அந்த வகுப்பில் தாழ்ந்துகொண்டிருந்தது நான் மட்டுமல்ல. கல்லூரிப் பாடத்தின் வேகம் நிறையப் பேருக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேர் விலகியும் போனார்கள். ஆசிரியை விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களை வகுப்புக்கு வரச் சொல்லி, இரண்டு இரண்டு பேராக உட்கார்த்தினார். அவருக்கு ஒரு முறை இருந்தது. கணக்கை எழுதுவதற்கு முன், ஏன் அப்படிச் செய்யப் போகிறேன் என்று பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் விளங்கப்படுத்த வேண்டும். அவருக்கு விளங்கினால்தான் பென்சிலைத் தொடலாம். பேசினால் அவமானம் என்று ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த என்னை அவர் அப்படித்தான் பேச வைத்தார்.

எனக்குச் சோடியாக வந்தவள் ஹெயிட்டியில் பிறந்த பெண். பொறியியல் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள், ஆனால் சோதனைத் தாளைக் கண்டால் அவளுக்கு அழுகை வரும். பொரித்த வாழைக்காயை டப்பாவில் கொண்டுவந்து பாதியை எனக்குத் தருவாள். என் உடைந்த பிரெஞ்சைப் பார்த்து அவள் ஒருநாளும் சிரிக்கவில்லை. மலையேறும் பஸ்ஸை வைத்து வகையீட்டை விளங்கப்படுத்தினேன்: பஸ் எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி, அந்த இடத்தில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது வேறு கேள்வி. அவள் கண்ணை மூடித் திறந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுடைய புள்ளிகள் ஏறின. என்னுடையவை இறங்கின. எனக்கு அது வெளியே தெரியும் என்று தோன்றவேயில்லை. என் மடத்தனத்துக்கு அளவில்லை.

பங்குனி மாதத்தில் பள்ளியிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. தகப்பனார் நேரில் வர வேண்டும் என்று இரண்டே வரி. அப்பா அதை மடித்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னை அங்கை மறிச்சு வைச்சால் நீ வீட்டை வராதை" என்றார். "சந்தியிலை சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிற எங்கடை ஊர்க்காரரிட்டைப் போ. அவர் ரொறன்ரோவுக்கு அனுப்பி விடுவார்."

"மறிக்க மாட்டினம் அப்பா."

"உனக்குத் தெரியாது. சும்மா கதைக்கத்தான் எண்டு கூப்பிட்டு மறிச்சதை நான் கண்டிருக்கிறன்."

அடுத்த நாள் முகம் வழித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சட்டையின் காலரை ஸ்வெட்டருக்கு மேல் தெரியும்படி இழுத்துவிட்டு வந்தார். கேட்டால் கொடுப்பதற்கு ஒரு தாளும் கொண்டுவரவில்லை. அறைக்குள் ஆசிரியை இருந்தார். பக்கத்தில் டை கட்டிய ஒருவர். மேசையில் ஒரு மண்ணிறக் கோப்பு.

டை கட்டியவர் கல்லூரியிலிருந்து வந்தவர் என்று ஆசிரியை அறிமுகப்படுத்தினார். நான் தமிழில் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "கல்லூரி ஆளுக்கு என்னத்துக்குக் கோப்பு?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

ஆசிரியை இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று என் தோழியுடையது, எல்லாம் சரி. மற்றது என்னுடையது, அதே கணக்குகள் பிழை. இவள் அவளுக்கு விளங்கப்படுத்தும்போது தான் பின்னால் நின்று கேட்டிருப்பதாகவும், இதைவிட நன்றாகத் தானே சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். பிறகு ஏன் தன்னுடையதைக் கெடுக்கிறாள், வீட்டில் ஏதும் கஷ்டமா என்று கேட்டார். நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஆசிரியை குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்த அண்ணன் மொன்றியலில் இருக்கிறாரா, மதிய நேரத்தில் வந்து மற்றப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் உதவ முடியுமா, பரீட்சைக்கு முன் எல்லாரையும் கரையேற்றிவிடலாம் என்றார். அவருடைய முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆசைதான் இருந்தது.

அதையும் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். டை கட்டியவர் ஏதோ எழுதுவதற்காகப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைப் பார்த்தபடியே அப்பா தமிழில் சொன்னார்: "செத்துப்போனான் எண்டு சொல்லு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லு, பிள்ளை. செத்த ஆளை ஒருத்தரும் தேடமாட்டினம்."

சொன்னேன். என் அண்ணன் இறந்துவிட்டார். பிரெஞ்சில் அது மிகச் சின்ன வசனம், பிழையில்லாமல் வந்தது. ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அவருடைய கண் கலங்கியிருந்தது. டை கட்டியவர் பேனாவை மூடினார். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. என் புள்ளிகள் விழுந்ததற்கும், நான் பேசாததற்கும், எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு ஒரே காரணம் கிடைத்துவிட்டது. கல்லூரிப் பரீட்சைக்கான படிவத்தை அப்பாவின் முன் வைத்தார்கள். கோப்பில் இருந்தது அந்தப் படிவம் மட்டும்தான். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "எனக்கு ஒரே ஒரு பொடியன்" என்றார். "என்ரை வாயாலை என்ன சொல்லிப்போட்டன்." குனிந்து ஓரத்தில் கிடந்த பனியை அள்ளி வாயில் போட்டுக் கொப்பளித்துத் துப்பினார். திரும்பவும் அள்ளினார். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி விலகிப் போனாள். ஊரில் பிள்ளையைத் திட்டும்போதுகூடச் சாவை வாயில் எடுக்காத மனிதர் அவர். பனியில் அவருடைய உதடு வெடித்து ரத்தம் வந்தது.

மாதம் இரண்டு முறை வருகிற அம்மாவின் கடிதம் அதன்பிறகு வரவில்லை. முதலில் தபால் சுணக்கம் என்றோம். சித்திரை போயிற்று. அப்பா ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். சாமிப்படத்துக்கு முன் நின்று சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன் என்று கெஞ்சுவார். "நான் சொன்னது அவனையில்லை. அது வேறை பிள்ளை" என்பார். நான் போர்வைக்குள் கிடந்து அதைக் கேட்பேன். சொன்னது அவரானாலும் அந்த மொழியில் சொன்னது நான்தானே என்று எனக்குப் பயம்.

வைகாசியில் பரீட்சை. இனி இறங்க வேண்டாம், படித்ததை எழுது என்று அப்பாவே சொல்லிவிட்டார். மண்டபத்தில் எனக்கு முன் வரிசையில் தோழி இருந்தாள். திரும்பிப் பார்த்து, பஸ் மலையேறுவதுபோல் கையைச் சரித்துக் காட்டினாள். கணக்குகள் எல்லாம் தெரிந்தவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்தச் சின்னப் பிரெஞ்சு வசனம் என் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தாளை மை கொட்டிக் கெடுத்தேன். திரும்ப எழுதினேன். ஆசிரியையின் முறைப்படி ஒவ்வொரு வரியையும் யாருக்கோ விளங்கப்படுத்துகிற மாதிரி உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி எழுதினேன். நான் சொல்லிக்கொண்டிருந்தது தம்பிக்கு.

பரீட்சை முடிந்த அடுத்த வாரம் கடிதம் வந்தது. தம்பி எழுதியிருந்தான். எல்லோரும் சுகம், தபால் ஓடவில்லை, வேறு விசேஷம் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவசரத்தில் கிறுக்கியிருக்கிறான் என்று அப்பா அந்த எழுத்தைத் தடவித் தடவி அழுதார்.

நான் பாஸ் பண்ணினேன், தோழியும் பாஸ் பண்ணினாள். மதிய வகுப்புக்கு விடாமல் வந்தவர்கள் யாரும் தவறவில்லை என்று ஆசிரியை எல்லாரையும் கட்டிப்பிடித்தார். கடைசி நாளில் எனக்கு ஒரு தடித்த கணிதப் புத்தகம் தந்தார். முதல் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வீட்டில் உடுப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் பரிசு அது.

காலம் இழுத்து இழுத்து எங்களுக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அந்த இரண்டு வயது இன்றும் என் கடவுச்சீட்டில் குறைவுதான், ஓய்வூதியமும் இரண்டு வருடம் பிந்தித்தான் வரும். பிறகு அம்மாவும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். வயதுக் கதை அம்மாவுக்குத் தெரியும், அண்ணன் கதை தெரியாது. அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பி என்னைவிட வேகமாகப் பிரெஞ்சு பிடித்தான். அதே பள்ளியில் அதே கல்லூரிக் கணித வகுப்புக்கு அவனையும் எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட இருந்தபோது, எங்கேயோ கிளறி எடுத்த அந்தப் புத்தகத்தோடு வந்தான்.

"அக்கா, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு அவனே தமிழில் வாசித்தான். "உனக்குக் கணக்குச் சொல்லித் தந்திட்டுச் செத்துப்போன அண்ணாவின்ரை ஞாபகமா."

அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்தாள். "பெத்தவள் எனக்குத் தெரியாமல் ஆர் அந்தப் பிள்ளை?"

அப்பா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூட மேசையில் கிடந்த மண்ணிறக் கோப்பு, பேனா எதையும் விடவில்லை. அம்மா சத்தம் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"எந்த மாதம் சொன்னியள்?"

"பங்குனி."

அம்மா கொஞ்ச நேரம் தம்பியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய இரண்டு விரல்கள் முழுதாய் மடங்காது. பந்தடிக்கப் போய் முறித்துக்கொண்டான் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பங்குனியிலைதான் ஆமிக்காரர் சுத்தி வளைச்சு இவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றாள். "பதின்மூண்டு வயசு எண்டு காலிலை விழுந்து சொன்னன். கேக்கேல்லை. பதினெட்டு எண்டாங்கள். அஞ்சாம் நாள் விட்டவங்கள். விரலாலை எழுத ஏலாமல் கிடந்தவன். எழுதினால் நீங்கள் அங்கையிருந்து பயப்பிடுவியள் எண்டுதான் எழுதேல்லை."

தம்பி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். அப்பா தன் தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகக் களைந்து, தம்பியின் சோற்றின் மேல் வைத்தார்.

"சாப்பிடு, ராசா" என்றார்.